விசில் யாருக்காக? வீக்கெண்ட் பாஸ்கெட்பால் லீகுல ரெஃப்ரி என்ன பண்றார்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு ஆளைப் பத்தித்தான். ஞாயித்துக்கிழமை காலைல ஏதோ ஒரு காலேஜ் கோர்ட்டை வாடகைக்கு எடுத்து, நாலு ஆபீஸ் டீம், ரெண்டு அபார்ட்மெண்ட் டீம், ஒரு பழைய மாணவர் டீம்னு சேர்ந்து லீக் ஆடுவாங்க இல்லையா? அங்க ரெண்டு டீமும் சேர்ந்து திட்டற ஒரே மனுஷன் ரெஃப்ரி.

தெரு கிரிக்கெட்ல அம்பயர் யாருன்னு நமக்குத் தெரியும். பேட்டிங் டீம்ல அவுட் ஆகி வந்தவன்தான். போங்கு ஆடுவான், பஞ்சாயத்து நடக்கும், ஆனா மேட்ச் எப்படியோ ஓடிடும். ஏன்னா ஒவ்வொரு பந்துக்கு அப்புறமும் கிரிக்கெட் தானா நிக்குது. பாஸ்கெட்பால் நிக்காது. ஃபிபா அளவுல முழு கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஆட்டம் பெரும்பாலும் அதுல பாதியிலதான் நடக்கும். அதாவது 14-க்கு 15 மீட்டர் இடத்துல பத்து பேர் ஓடறாங்க, குதிக்கறாங்க, முட்டிக்கறாங்க. "நீங்களே ஃபவுல் சொல்லிக்கோங்க"ன்னு விட்டா, நண்பர்களோட ஆடற பிக்-அப் கேம்ல சரி. பாயிண்ட்ஸ் டேபிள்னு ஒண்ணு வந்தாச்சுன்னா, அது ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது.

ஆரம்பத்துலயே ரெண்டு பேர்

1891-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல, ஸ்பிரிங்ஃபீல்டுங்கற ஊர்ல ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சார். மொத்தம் 13 விதிகள் எழுதினார். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அப்பவே ரெண்டு அதிகாரிகள் உண்டு. ஒருத்தர் அம்பயர், அவர் ஆட்களைப் பார்ப்பார். இன்னொருத்தர் ரெஃப்ரி, அவர் பந்தைப் பார்ப்பார். பந்து வெளிய போச்சா, கூடைல விழுந்துச்சா, டைம் என்ன, எல்லாம் அவர் பொறுப்பு. யாரு யாரைத் தள்ளினான்ங்கறது அம்பயர் பொறுப்பு.

இந்த ஆட்டம் நம்ம ஊருக்கு வந்த வழியும் ஸ்பிரிங்ஃபீல்டைத் தொட்டுத்தான் வருது. 1920-ல மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி நிறுவனத்தை ஆரம்பிச்ச ஹாரி குரோ பக், அந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரில படிச்சவர். இன்னைக்கும் நந்தனம் பக்கம் போனா அந்தக் கல்லூரி இருக்கு.

130 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தப் பிரிவினை மாறலை. "ஒரு கண்ணு பந்து மேல, இன்னொரு கண்ணு ஆள் மேல." இதுதான் ரெஃப்ரி வேலையோட அடிப்படை. பார்க்கறவங்க எல்லாரும் பந்தைத்தான் பார்க்கறாங்க. அதனால பந்து இல்லாத இடத்துல நடக்கறதைப் பார்க்க சம்பளம் வாங்கற ஒருத்தர் வேணும்.

எங்க நிக்கறாங்கன்னு பாருங்க

வீக்கெண்ட் லீகுல பெரும்பாலும் ரெண்டு ரெஃப்ரி. ஒருத்தர் பேஸ்லைன்ல, கூடைக்குக் கீழ கோட்டுக்கு வெளிய நிப்பார். அவருக்கு 'லீட்'னு பேர். இன்னொருத்தர் ஆட்டத்துக்குப் பின்னாடி, கொஞ்சம் பக்கவாட்டுல. அவர் 'டிரெயில்'. பந்து அந்தப் பக்கம் திரும்பினா ரோலும் மாறும், டிரெயிலா இருந்தவர் ஓடிப் போய் லீட் ஆயிடுவார்.

இங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா, பாதி சண்டை குறையும். ரெஃப்ரிக்குத் தூரத்தை விடக் கோணம்தான் முக்கியம். ரெண்டு பேர் நெருக்கமா நிக்கறாங்க, ஒருத்தன் ஷாட் போடறான், ஒருத்தன் தடுக்கறான். தடுக்கறவனோட முதுகுக்கு நேர் பின்னாடி ரெண்டே மீட்டர்ல நீங்க நின்னாலும், உங்களுக்குத் தெரியறது அவன் முதுகு மட்டும்தான். கை கையில பட்டுதா, பந்துல பட்டுதா, தெரியவே தெரியாது. அதே எட்டு மீட்டர் தள்ளி, ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தெரியற மாதிரி பக்கவாட்டுல நின்னா, எல்லாம் தெளிவாத் தெரியும்.

அதனால "ரெஃப், பக்கத்துலதானே நின்னீங்க!"ன்னு கத்தறது பெரும்பாலும் அர்த்தமில்லாத கேள்வி. பக்கத்துல நின்னதாலதான் அவருக்குத் தெரியாமப் போயிருக்கும். நல்ல ரெஃப்ரி ஒரே இடத்துல நிக்க மாட்டார். ரெண்டு உடம்புக்கு நடுவுல வெளிச்சம் தெரியறதுக்காக ஒரு ஸ்டெப் இந்தப் பக்கம், ஒரு ஸ்டெப் அந்தப் பக்கம்னு நகர்ந்துட்டே இருப்பார்.

சில லீகுல காசு மிச்சம் பண்றதுக்காக ஒரே ரெஃப்ரிதான். அப்போ பந்து இல்லாத பக்கம் யாரும் பார்க்கலைன்னு அர்த்தம். இடிச்சுத் தள்றவனுக்கு அது நல்லாத் தெரியும்.

பட்டா ஃபவுலா?

கிடையாது. இதுதான் வீக்கெண்ட் ஆட்டக்காரங்க நிறைய பேருக்குப் புரியாத இடம். உடம்பு உடம்புல படறது மட்டும் ஃபவுல் இல்ல. யாரோட இடத்துல யார் புகுந்தாங்க, அதனால யாருக்கு நியாயமில்லாத ஆதாயம் கிடைச்சது, அதான் கேள்வி.

ஃபிபா விதிப்புத்தகத்துல இதுக்கு 'சிலிண்டர்'னு ஒரு கருத்து இருக்கு. தரையில நிக்கற ஒவ்வொருத்தரைச் சுத்தியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உருளை இருக்கறதா நினைச்சுக்கோங்க. முன்னாடி உள்ளங்கை வரைக்கும், பின்னாடி பின்புறம் வரைக்கும், பக்கவாட்டுல கை கால்களோட வெளி விளிம்பு வரைக்கும். அந்த உருளை நேரா மேலயும் போகும். அதுக்குள்ள நீங்க கையைத் தூக்கி நேரா குதிச்சா, எதிராளி வந்து உங்க மேல மோதினாலும் உங்க மேல ஃபவுல் கிடையாது. கையை முன்னாடி சாய்ச்சு அவன் மேல இறக்கினீங்கன்னா, உருளையை விட்டு வெளிய வந்துட்டீங்க. ஃபவுல்.

இப்போ அடிக்கடி வர்ற மூணு பஞ்சாயத்து.

முதலாவது: "அவன் நகர்ந்தான் சார், அது பிளாக்!" தடுக்கறவர் சிலை மாதிரி நிக்கணும்னு விதி இல்ல. எதிராளியைப் பார்த்து, ரெண்டு காலும் தரையில வச்சு முதல்ல இடம் பிடிச்சிருந்தா போதும். அதுக்கப்புறம் பக்கவாட்டுலயோ பின்னாடியோ நகரலாம். நெஞ்சுல மோதினா அது பந்து வச்சிருக்கறவர் மேல ஃபவுல். ஆனா அவர் ஏற்கெனவே குதிச்சு காத்துல இருக்கும்போது கீழ போய் இடம் பிடிச்சா, தப்பு தடுக்கறவர் மேல.

ரெண்டாவது: "மூணு ஸ்டெப் வச்சான், டிராவல்!" 2017-ல ஃபிபா இதைத் தெளிவுபடுத்திடுச்சு. ஓடிட்டே பந்தைக் கையில சேர்க்கும்போது தரையில இருக்கற கால் கணக்குல வராது, அது பூஜ்யம். அதுக்கப்புறம் ரெண்டு ஸ்டெப். வெளிய இருந்து எண்ணினா மூணு மாதிரிதான் இருக்கும். பழைய கணக்குல கத்தறவங்க ஒவ்வொரு கோர்ட்லயும் நாலு பேர் இருப்பாங்க.

மூணாவது: "முதுகுக்கு மேல கை போட்டான்!" உயரமா இருக்கறவன் பின்னாடி நின்னு, யார் மேலயும் படாம ரீபவுண்டை எடுத்தா, அது அவனோட உயரம். ஃபவுல் இல்ல. தள்ளினாத்தான் ஃபவுல்.

ஜாலி மேட்சுக்கு எதுக்கு இவ்வளவு?

இந்தக் கேள்வி நியாயமானது. யாரும் இந்தியாவுக்கு ஆடப் போறதில்ல. அப்புறம் எதுக்கு நிமிஷத்துக்கு ஒரு விசில்?

விதிப்புத்தகமே இதுக்கு இடம் கொடுக்குது. சும்மா உரசினதுக்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தாதீங்க, ஆதாயம் கிடைச்சதான்னு பாருங்க, கட்டுப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல சமநிலை வேணும்னு அது சொல்லுது. வீக்கெண்ட் லீகுல இதை நான் இப்படிப் பிரிச்சுப் பார்க்கறேன்.

புதுசா வந்த ஒருத்தர், தடுக்க ஆளே இல்லாத இடத்துல, பந்தை வாங்கும்போது கால் லேசா இழுக்குது. யாருக்கும் ஆதாயம் இல்ல. "காலைப் பார்த்துக்கோங்க"ன்னு வாயால சொல்லிட்டுப் போகலாம். அதே கால் இழுப்பு, தடுக்கறவரைத் தாண்டிப் போக உதவினா, விசில் அடிச்சே ஆகணும். ரெண்டாவது ஆள் புதுசா இருந்தாலும் சரி, லீகோட ஸ்டாரா இருந்தாலும் சரி.

ஆனா ஒரு வகையான தப்புக்கு மட்டும் 'ஜாலி மேட்ச்'ங்கற சலுகையே கிடையாது. அதுதான் உடம்பு. இதுல ரெண்டு விஷயம்.

ஒண்ணு, இறங்கற இடம். ஜம்ப் ஷாட் போடறவர் எந்த இடத்துல இருந்து குதிச்சாரோ, அதே இடத்துல இறங்க அவருக்கு உரிமை இருக்கு. ஷாட்டைத் தடுக்க ஓடி வர்றவர் தன் காலை அந்த இடத்துல வச்சுட்டா, ஷாட் போட்டவர் அந்தக் கால் மேல இறங்குவார். கணுக்கால் மடங்கும். கையை யாரும் தொடலை, பந்தையும் தொடலை, பந்து கூடைக்குப் போயாச்சு, எல்லார் கண்ணும் அது கூடவே மேல போகுது. ஒரு ஜோடிக் கண்ணு மட்டும் கீழ கால்ல இருக்கணும். அது ஃபவுல். முரட்டுத்தனம் அளவுக்கு மீறிப் போனா 'அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்', ஃப்ரீ த்ரோவோட சேர்த்து பந்தும் எதிரணிக்கே போகும்.

ரெண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரீன். நின்னுட்டு இருக்கற ஒருத்தருக்கு முன்னாடியோ பக்கத்துலயோ ஸ்க்ரீன் வைக்கும்போது, தொடாம எவ்வளவு நெருக்கமா வேணும்னாலும் நிக்கலாம். ஆனா அவருக்குத் தெரியாம பின்னாடி வச்சா, அவர் ஒரு சாதாரண ஸ்டெப் எடுத்து வைக்க இடம் விட்டு நிக்கணும். இந்த விதி ஏன்னு யோசிக்கவே வேண்டாம். திரும்பி ஓட ஆரம்பிக்கறவன் தாடையை இன்னொருத்தன் தோள்ல கொண்டு போய் மோதுவான்.

தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கணுக்கால் போனா டீம் டாக்டர் இருக்கார், பிசியோ இருக்கார், சம்பளமும் வரும். நம்ம லீகுல ஆடறவர் திங்கட்கிழமை காலைல பைக் ஓட்டணும், மெட்ரோ படி ஏறணும், குழந்தையைத் தூக்கணும். டெலிவரி வேலை பார்க்கறவரா இருந்தா அன்னைக்கு வருமானமே போச்சு. அதனால என் கருத்து இது: ஜாலி மேட்ச்ல ஆதாய விதிகளைத் தளர்த்தலாம், பாதுகாப்பு விதிகளை இன்னும் இறுக்கணும். நிறைய இடத்துல இது தலைகீழா நடக்குது. டிராவலுக்கு விசில் பறக்கும், இடிச்சுத் தள்றதுக்கு "ஃபிசிகல் கேம் ப்ரோ"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஆட்டம் முரட்டுத்தனமா மாறினா, முதல்ல நின்னு போறது முரடன் இல்ல. புதுசா கத்துக்க வந்தவர், நாப்பது வயசுக்காரர், மிக்ஸட் டீம்ல ஆடற பொண்ணுங்க, இவங்கதான் சொல்லாமக் கொள்ளாம நின்னுடுவாங்க. "இந்த வாரம் வேலை இருக்கு"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ், அவ்வளவுதான். ரெண்டு சீசன்ல எட்டு டீம் அஞ்சு டீம் ஆயிடும். லீக் ஏன் சுருங்குதுன்னு ஆர்கனைசர் மண்டையை உடைச்சுப்பார்.

முதல் அஞ்சு நிமிஷம்

அப்போ எவ்வளவு விடலாம், எதுக்கு விசில்னு ரெஃப்ரியோட இஷ்டத்துக்கு விட்டா, அது பாரபட்சம் ஆயிடாதா? ஆகலாம். விருப்பத்துக்கு இடம் இருக்கற எல்லா வேலையிலயும் இந்த ஆபத்து உண்டு. வீக்கெண்ட் லீகுல இன்னும் அதிகம், ஏன்னா ரெஃப்ரியைக் கூட்டிட்டு வந்த ஆர்கனைசரோட டீமும் அன்னைக்கு ஆடிட்டு இருக்கும். சத்தம் போடற ஆள் கூட்டம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் ஜான் வெர்த்தெய்மும் 2011-ல எழுதின 'ஸ்கோர்காஸ்டிங்' புத்தகத்துல, சொந்த மைதானத்துல ஆடற டீமுக்குக் கிடைக்கற சாதகத்துல பெரிய பங்கு நடுவர்களோட முடிவுகள்தான்னு வாதாடறாங்க. காசு வாங்கிட்டா இல்ல, கூட்டத்தோட சத்தத்துக்கு மனுஷ மனசு தன்னை அறியாம வளைஞ்சு கொடுக்குதுங்கறது அவங்க விளக்கம். தொழில்முறை ரெஃப்ரிக்கே அப்படின்னா, அஞ்சடி தூரத்துல பத்து பேர் கத்தற இடத்துல எப்படி இருக்கும்!

இதுக்கு மருந்து மூணு.

முதல்ல, ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டுப் பேசறது. ஃபிபா ஆட்டம் 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரம் நிக்கும். வாடகைக் கோர்ட்ல அதுக்கு நேரம் கிடையாது, அடுத்த டீம் வாசல்ல நிக்கும். அதனால கடிகாரம் நிக்காம ஓடும், பெரும்பாலும் கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் நிறுத்துவாங்க. 24 செகண்ட் ஷாட் கிளாக் இருக்கா இல்லையா? ஓடற கடிகாரத்துல, முன்னிலைல இருக்கற டீம் பந்தை மெதுவா எடுத்து நேரம் ஓட்டினா என்ன பண்றது? இதெல்லாம் முன்னாடியே பேசியாச்சுன்னா பின்னாடி பஞ்சாயத்து இல்ல. மோதிரம், செயின், வாட்ச், காப்பு எல்லாம் கழட்டணும்ங்கறதும் அங்கேயே சொல்லணும். மணிக்கட்டுல கட்டின சாமி கயிறைக் கழட்ட முடியாதுன்னா, அதுக்கு மேல ஒரு ரிஸ்ட்பேண்ட் போட்டுக்கச் சொன்னா முடிஞ்சது. விதியோட நோக்கம் காயம் வராமப் பார்க்கறது, யாரோட நம்பிக்கையையும் சோதிக்கறது இல்ல. இதுல ஃபிபாவே பாடம் கத்துக்கிட்டிருக்கு. 2014 ஆசிய கோப்பைல இந்திய டீமோட சீக்கிய வீரர்கள் ரெண்டு பேரைத் தலைப்பாகையைக் கழட்டிட்டு ஆடச் சொன்னாங்க. பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 2017-ல விதியை மாத்தி, தலைப்பாகை, ஹிஜாப் மாதிரியானவற்றை அனுமதிச்சுட்டாங்க.

ரெண்டாவது, முதல் அஞ்சு நிமிஷத்துல கோடு போடறது. எந்த அளவு தொடுதலுக்கு விசில்னு அங்க காட்டிட்டா, ஆடறவங்க தாங்களே மாத்திப்பாங்க. கோடு எங்க இருக்குங்கறது கூட அவ்வளவு முக்கியம் இல்ல, அது நகரக் கூடாது. நம்ம வேலையில சொல்ற மாதிரி, ஒரே இன்புட்டுக்கு ஒரே அவுட்புட் வரணும். இந்தப் பக்கம் கொடுத்த ஃபவுல் அந்தப் பக்கமும் கிடைக்கணும், முதல் குவார்ட்டர்ல கொடுத்தது கடைசி குவார்ட்டர்லயும் கிடைக்கணும்.

மூணாவது, அவசரப்படாத விசில். ஷாட் போடும்போதே "ஏய்ய்!"னு ஒரு சத்தம் வரும். நம்ம ஆளுங்க பாதிப்பேர் ஃபவுலுக்காகக் கத்தறதைத் தனியா ப்ராக்டிஸ் பண்றாங்களோன்னு தோணும்! அந்தச் சத்தத்துக்கு விசில் அடிக்கக் கூடாது. தொடுதல் எங்க ஆரம்பிச்சது, எங்க முடிஞ்சது, ஷாட் பாதிக்கப்பட்டதா, முழுசாப் பார்த்துட்டு அரை செகண்ட் கழிச்சு அடிச்சா போதும். ஒரு தடவை அடிச்சதை ஈடு கட்ட அடுத்த பக்கம் சும்மா ஒரு ஃபவுல் கொடுக்கறதும் கூடாது. அப்போ ரெண்டு தப்பு ஆயிடும், கோடும் காணாமப் போயிடும்.

திட்டறவங்களை என்ன பண்றது?

ரெஃப்ரியோட கையில டெக்னிக்கல் ஃபவுல்னு ஒரு ஆயுதம் இருக்கு. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஒரே ஆள் ரெண்டு வாங்கினா மேட்ச்ல இருந்தே வெளிய. அதுக்கு முன்னாடி படிகள் இருக்கு. முதல்ல காது கொடுத்துக் கேட்கறது. அப்புறம் சுருக்கமா பதில். அப்புறம் கேப்டன் மூலமா எச்சரிக்கை. அப்பவும் நிக்கலைன்னா கைகளை 'டி' மாதிரி காட்டி வேலையை முடிக்கறது, கோபமில்லாம.

கேள்வியையும் வசவையும் பிரிச்சுப் பார்க்கணும். "ரெஃப், அந்த ஸ்க்ரீன்ல என்ன பார்த்தீங்க?" இது கேள்வி, பதில் சொல்லலாம். "கண்ணு தெரியுதா இல்லையா?" இது கேள்வி மாதிரி இருக்கற வசவு. மொதல் ஆளுக்குப் பதில் கிடைக்கறதைப் பார்த்தா, ரெண்டாவது ஆளும் கொஞ்ச நாள்ல கேட்கற விதத்தை மாத்திப்பார்.

ஆடறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ரெஃப்ரிகிட்ட கத்தி, கொடுத்த ஃபவுல் திரும்பப் போறதே இல்லன்னு வச்சுக்கலாம். நீங்க கத்திட்டு நிக்கற அந்த மூணு செகண்ட்ல எதிரணி ஃபாஸ்ட் பிரேக்ல லே-அப் போட்டுட்டு வந்துடும். காண்டுல இருக்கறவனை விட்டுட்டு ஆட்டம் போயிட்டே இருக்கும்.

விசில் எடுக்கணும்னு ஆசையா?

ஆரம்பிக்க நல்ல இடம் ஸ்கோர் டேபிள். ஸ்கோர் ஷீட் எழுதுங்க. ஒரு ஆளுக்கு அஞ்சு ஃபவுல் ஆனா வெளிய, ஒரு குவார்ட்டர்ல டீமுக்கு அஞ்சாவது ஃபவுல்ல இருந்து பொதுவா ரெண்டு ஃப்ரீ த்ரோ. இதெல்லாம் எழுதி எழுதியே மனப்பாடம் ஆயிடும். ஃபிபா விதிப்புத்தகம் அவங்க இணையதளத்துல இலவசமாவே கிடைக்குது. அதுக்கப்புறம் உங்க மாவட்ட பாஸ்கெட்பால் சங்கத்துல ரெஃப்ரி பயிற்சி, தேர்வு பத்திக் கேளுங்க.

சைகையில ரெண்டை மட்டும் முதல்ல பழகுங்க. ஃபவுலுன்னா மூடின முஷ்டி மேல. டிராவல், கோடு தாண்டினது மாதிரி மத்த விதிமீறல்னா விரிச்ச உள்ளங்கை மேல. இது தெளிவா இருந்தாலே பாதி கோர்ட் அமைதியாயிடும்.

ஆடறதே போதும்னு நினைக்கறவங்க, அடுத்த சீசனுக்கு முன்னாடி உங்க ஆர்கனைசர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ரெண்டாவது ரெஃப்ரிக்கு ஆகற காசை டீமுக்கு எவ்வளவுன்னு பிரிச்சா என்ன வரும்?" ஜெர்சில பேர் அடிக்கறதுக்கு ஒதுக்கற காசுல கொஞ்சம் அதுக்குப் போகட்டும்.

அடுத்த எபிசோடுல 3x3 பாஸ்கெட்பால் பத்திப் பேசலாம். பத்து நிமிஷம், இல்லன்னா 21 பாயிண்ட், ஷாட் கிளாக் 12 செகண்ட்தான். மூச்சு வாங்கற ஆட்டம். அதுவரைக்கும், ஷாட் போடறவன் இறங்கற இடத்துல காலை வைக்காதீங்க மக்களே. பார்க்கலாம்!